மார்பகப் புற்றுநோய்க்குக் கடிவாளமாகுமா நுண் ஆர்.என்.ஏ.?

புது தில்லி: இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயாகும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 1.92 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டது. 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

இவற்றில் மிகவும் மூர்க்கமானது "டிரிபிள் நெகட்டிவ்' எனப்படும் வகை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகளோ, ஹெர்-2 புரதமோ புற்றணுவில் மிகுந்திருந்தால், அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் உள்ளன. இம்மூன்றும் இல்லாத இவ்வகையில் அம்மருந்துகள் பலனளிப்பதில்லை. மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கே இவ்வகை காணப்படுகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான மதிப்பீட்டில் இது சுமார் 30 சதவீதமாக உள்ளது. இளம் வயதுப் பெண்களை இது அதிகம் பாதிப்பது கவலைக்குரியது.

பழுதாகும் "பிரேக்'

இந்நிலையில், விஞ்ஞானிகளின் கவனம் புரதத்தை உருவாக்காத ஆர்.என்.ஏ.க்களின் மீது திரும்பியுள்ளது. மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறிப்புகள் 2 சதவீதத்துக்கும் குறைவே. எஞ்சிய பகுதியிலிருந்து உருவாகும் பல ஆர்.என்.ஏ.க்கள், எந்த மரபணு எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. இவற்றில் மிகச் சிறியவையான நுண் ஆர்.என்.ஏ.க்களை 1993-இல் வெளிப்படுத்திய அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகியோருக்கு 2024-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செல் பெருகுவதற்கான சமிக்ஞைகளை "பிடென்' என்ற புரதம் வாகனத்தின் பிரேக் போலத் தடுத்து நிறுத்துகிறது. பல மார்பகப் புற்றுக்கட்டிகளில் மிகுந்து காணப்படும் "மிர்-21' என்ற நுண் ஆர்.என்.ஏ., இப்புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. பிரேக் பழுதானதும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. இந்த நுண் ஆர்.என்.ஏ.வை முடக்கினால் பிரேக்கை மீட்கலாம் என்பதே ஆய்வின் அடிப்படை.

"மிர்-10பி' என்ற மற்றொரு நுண் ஆர்.என்.ஏ., நோய் பரவத் துணைபோவது 2007-இல் தெரியவந்தது. அதை முடக்கும் மருந்தை எலிகளுக்குச் செலுத்தியபோது, நுரையீரலுக்குப் புற்று பரவுவது வெகுவாகக் குறைந்ததாக 2010-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால், மார்பிலிருந்த மூலக்கட்டி சுருங்கவில்லை.

நீண்ட பாதை

சிறு ஆர்.என்.ஏ.வால் ஆன முதல் மருந்துக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி அளித்தது. ஆனால் அது ஈரலில் செயல்பட்டு, அரிய நரம்பு நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தாகும். ஈரலைச் சென்றடைவது எளிது. புற்றுக்கட்டியை மட்டும் தேடிச் சென்றடைவது கடினம். நுண் ஆர்.என்.ஏ. புற்றுநோய் மருந்து ஒன்றின் முதல்கட்ட மனிதச் சோதனை, கடுமையான பக்கவிளைவுகள் காரணமாக 2016-இல் நிறுத்தப்பட்டது.

அதுவரை கைகொடுப்பது ஏற்கெனவே உள்ள மருந்துகளே. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 720 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியிடப்பட்டது. வழக்கமான சிகிச்சையுடன் விலை குறைந்த பழைய மருந்தான கார்போபிளாட்டினைச் சேர்த்தபோது, 50 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகரித்தது. எனினும், நோய் முற்றிய பின்னரே பெண்களில் பலர் மருத்துவமனைக்கு வருகின்றனர். எந்த மருந்தாயினும், கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால்தான் முழுப் பலன் தரும் என்பது குறிப்பிடத்தக்கது.