பெருங்காய டப்பாவுக்குள் என்ன?

தாளிக்கும்போது தெருமுனைவரை போகும் அந்த வாசனைக்கு நாடு முழுக்க ரசிகர்கள். தமிழர்களுக்கு ரசத்தில் வேண்டும், மோர்க்குழம்பில் வேண்டும். கொல்கத்தாவில் ஹிங் கச்சோரி. காஷ்மீரப் பண்டிட்டுகள் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் ரோகன் ஜோஷ் செய்வது பெருங்காயத்தை நம்பித்தான். ஜைனர்கள், வைஷ்ணவர்கள் அடுப்படியிலும் அதே கதை.

உலகிலேயே பெருங்காயத்தை அதிகம் சாப்பிடும் நாடு இந்தியா. ஆனால் 2020 வரை அதை இங்கே யாரும் சாகுபடி செய்ததில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளின் வறண்ட, குளிர்ந்த மலைச்சரிவுகளில் வளரும் செடி அது. நாலைந்து வருடம் வளர்ந்தபின் தண்டின் அடியையும் வேரையும் கீறிவிடுகிறார்கள். கசியும் பால் காய்ந்து பிசினாகிறது. இந்தப் பிசினை ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் இறக்குமதி செய்ய இந்தியா ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவிடுவதாக 2020-ல் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில், பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ஈரானிலிருந்து வந்த விதைகளில் வளர்த்த நாற்றை இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நட்டது. இப்போதைக்கு நம் குழம்புக்கு வெளிநாட்டுப் பிசின்தான்.

அந்தப் பிசினும் அப்படியே டப்பாவுக்குள் வருவதில்லை. அதன் காரமும் நெடியும் நேரடியாகச் சமையலுக்குத் தாங்காது. உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் போன்ற ஊர்களில் அதைக் கரைத்து, மைதா அல்லது அரிசி மாவும் கருவேலம் பிசின் வகையும் கலந்து பிசைந்து காயவைக்கிறார்கள். கட்டியோ தூளோ, கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்தக் 'கூட்டுப் பெருங்காயம்'தான். இது கலப்படம் அல்ல; சட்டமே அனுமதிக்கிறது. சுத்தமான பெருங்காயத்தில் ஆல்கஹாலில் கரையும் பகுதி 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்துக்கு 5 சதவீதம் இருந்தால் போதும்.

வாழ்ந்து கெட்டவர்களைப் 'பெருங்காயம் வைத்த டப்பா' என்பார்கள். சரக்கு போனாலும் வாசனை போகாது. கடை டப்பாவும் அப்படித்தான். மூக்கை வைத்துக்கொண்டு உள்ளே மாவு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

பெரும்பாலோருக்கு இதனால் நஷ்டம் காசு மட்டுமே. ஆனால் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு விஷயம் வேறு. சிறிதளவு குளூட்டன்கூட அவர்கள் குடலைப் பாதிக்கும். சப்பாத்தி, பூரி, பிஸ்கெட் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, அரிசிச் சோறும் சாம்பாரும் பத்திரம் என்று சாப்பிடுபவருக்கு, தாளிப்பில் போட்ட ஒரு சிட்டிகைத் தூள் வழியாக மைதா உள்ளே போய்விடும். இவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தே தீரவேண்டும். சேர்மானத்தில் கோதுமை மாவு அல்லது மைதா என்றிருந்தால் ஒதுக்கிவிடலாம். அரிசி மாவு சேர்த்துத் தயாரித்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட வகைகளும் விற்பனைக்கு வருகின்றன.

உபயோகிக்கும் முறையும் முக்கியம். பெருங்காயத்தின் நெடிக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். சூடான எண்ணெயிலோ நெய்யிலோ பட்டதும் அந்த நெடி அடங்கி, வதக்கிய வெங்காயம், பூண்டின் மணம் எழுகிறது. எனவே தூளைத் தாளிப்பின் கடைசியில் போட்டு, கருகுமுன் புளிக்கரைசலையோ பருப்பையோ ஊற்றிவிட வேண்டும். கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் குழம்பு கொதிக்கும்போது சேர்க்கலாம். சாம்பார்ப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் எண்ணெயில் பொரித்துப் பொடிப்பதே நல்லது. மாவு கலக்காத பிசின் கிடைத்தால் கடுகளவு போதும். கூடினால் குழம்பு கசக்கும்.

சுத்தப் பிசின்தானா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஒரு துணுக்கை எவர்சில்வர் கரண்டியில் வைத்துக் கொளுத்தினால் கற்பூரம்போல் சுடர்விட்டு எரியும். கூட்டுப் பெருங்காயம் அப்படி எரியாது. அதற்காக அதைப் போலி என்று எறிந்துவிட வேண்டாம். அதில் என்ன மாவு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.