புவி அறிவியல் டீன்: ஓர் ஆற்றைப் படிக்க எத்தனை துறை வேண்டும்?

'டீன்' என்றதும் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரிதான் ஞாபகம் வரும். பல்கலைக்கழகங்களிலும் டீன் உண்டு. பல துறைகள் சேர்ந்த ஒரு 'புலத்தின்' தலைவர் அவர். புவி அறிவியலையும் நீடித்த வளர்ச்சியையும் ஒன்றாகப் படிக்கும் புலங்கள் இப்போது உலகெங்கும் உருவாகி வருகின்றன. அதன் டீனுக்கு என்னதான் வேலை? திருத்தணிப் பக்கம் ஓடும் கொசஸ்தலை ஆற்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஓர் ஆறு, பல கேள்விகள்

ஆந்திரத்தில் கனமழை பெய்து கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், இந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அதே ஆற்றுத் தண்ணீர் 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரிக்கு வந்து, சென்னையின் குடிநீராகிறது. மிச்சம் எண்ணூரில் கடலில் கலக்கிறது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கலப்பது மீனவர்களின் நீண்டகாலப் புகார்.

நிலத்தடியில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பதை நிலவியல் சொல்லும். வெள்ளம் எப்போது வரும் என்பதை வானிலையும் நீரியலும் சொல்லும். சாம்பலில் என்ன இருக்கிறது என்பது வேதியியல். விவசாயிக்கும் மீனவருக்கும் எவ்வளவு நஷ்டம் என்பது பொருளாதாரம். இரண்டு மாநிலங்கள் எப்படிப் பங்கிடுவது என்பது சட்டம். ஆறு ஒன்றுதான், அதைப் படிப்பவர்களோ ஆளுக்கொரு கட்டிடத்தில் இருக்கிறார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் டீனின் முதல் வேலை.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2022இல் இதற்காகவே ஒரு புதிய பள்ளி தொடங்கியது. 70 ஆண்டுகளில் அங்கே தொடங்கிய முதல் புதுப் பள்ளி அது. பழைய புவி அறிவியல் பள்ளியோடு சுற்றுச்சூழல் பொறியியல், எரிசக்தி ஆய்வு, கடல் ஆய்வு நிலையம் எல்லாம் ஒன்றாக வந்தன. முதல் டீன், மும்பை ஐஐடியில் படித்த அருண் மஜும்தார். அவர் நிலவியலாளர் இல்லை, மெக்கானிக்கல் இன்ஜினியர்!

முதலீட்டாளர் ஜான் டோயரும் அவர் மனைவியும் தந்த நன்கொடை 110 கோடி டாலர். ஆனால் எண்ணெய் நிறுவனங்களோடும் சேர்ந்து வேலை செய்வோம், அவர்கள் பணத்தையும் ஏற்போம் என்று டீன் சொன்னதும் மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். காசு தருபவருக்குப் பிடிக்காத முடிவு ஆய்வில் வந்தால் அது வெளியே வருமா? இந்தக் கேள்வி அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கும் பொருந்தும். ஆய்வாளருக்கு அரணாக நிற்பது டீனின் இரண்டாவது வேலை.

திருத்தணிக்காரர் காட்டிய வழி

மூன்றாவது வேலை, ஆள் தேடுவது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அவர் தத்துவப் பேராசிரியர். ஆனால் அவர் காலத்தில்தான் ராமனிடம் ஆய்வு செய்த இளம் இயற்பியலாளர் பகவந்தம் 1932இலும், குளித்தலையில் பிறந்த வேதியியலாளர் டி.ஆர்.சேஷாத்ரி 1933இலும் அங்கே சேர்ந்தார்கள். இருவரும் பின்னாளில் நாடறிந்த விஞ்ஞானிகள். தலைவருக்கு எல்லாப் பாடமும் தெரிய வேண்டியதில்லை, சரியான ஆள் யார் என்று தெரிந்தால் போதும்.

அதே பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்குப் பின்னர் தலைமை தாங்கியவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன். 1951இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் இயக்குநரான முதல் இந்தியர் அவர். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அவரே முதல் இயக்குநர்.

இங்கே என்ன நிலை?

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். நிலவியல் துறை, நீர்வள மையம், தொலையுணர்வு நிறுவனம், கடல் மேலாண்மை நிறுவனம், காலநிலை மாற்ற மையம் என எல்லாமே இருக்கின்றன, தனித்தனிப் பெயர்ப்பலகையோடு. அறிவுக்குப் பஞ்சமில்லை, சேர்த்து வைக்கும் தலைமைதான் தேவை. பெயரை மட்டும் மாற்றினால் பலன் இல்லை. ஆசிரியருக்குப் பதவி உயர்வு தரும்போது சொந்தத் துறைக் கட்டுரைகளை மட்டும் எண்ணினால், அடுத்த கட்டிடத்துக்காரரோடு சேர்ந்து ஆற்றில் இறங்க யார் வருவார்?

இந்தத் துறையில் படிக்கவோ வேலை மாறவோ யோசிக்கிறீர்களா? ராங்க் பட்டியலோடு மூன்று விஷயங்களையும் விசாரியுங்கள். இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தும் பாடம் உண்டா? களத்தில் எடுத்த தரவு மக்களுக்குக் கிடைக்குமா? நிதி யாரிடமிருந்து வருகிறது, அது வெளிப்படையாக இருக்கிறதா? மூன்றுக்கும் நேரடியான பதில் கிடைத்தால், அங்கே டீன் தன் வேலையைச் செய்கிறார் என்று நம்பலாம்.