ஒரு வீட்டுக்கு எண்பதாயிரம் டாலர்

ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 80,190 டாலர். உச்சித் தளத்துப் பெரிய வீட்டுக்கு 3,36,135 டாலர். 2021 ஏப்ரலில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்ற சின்னக் கடற்கரை ஊரில், 'சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத்' குடியிருப்பின் உரிமையாளர்களுக்கு வந்த மராமத்துக் கணக்கு இது. 1981இல் கட்டிய கட்டடம், 136 வீடுகள். மொத்தச் செலவு 1.5 கோடி டாலர். ஜூலை 1 முதல் பணம் கட்ட வேண்டும் என்றது உரிமையாளர் சங்கம். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 24 பின்னிரவு ஒன்றேகால் மணிக்குச் சற்றுப் பிறகு, கட்டடத்தின் பெரும் பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

காசை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் உயிரை விட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். நடந்தது அவ்வளவு எளிதல்ல.

சென்னையில் அடுக்ககத்தில் குடியிருப்பவருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. மொட்டைமாடி, பில்லர், லிஃப்ட், கார் நிறுத்துமிடம் எல்லாருக்கும் பொது. மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம், பெரிய செலவுக்கென்று கார்பஸ் ஃபண்ட் வைத்திருக்கிறோம். ஃபுளோரிடாவில் அதற்கு 'ரிசர்வ்' என்று பெயர். ரிசர்வ் போதாதபோது 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்' என்ற பெயரில், பத்திரத்தில் உள்ள பங்குக்கு ஏற்ப ஒவ்வொருவர் தலையிலும் தொகை விழும். சாம்ப்ளெய்ன் டவர்ஸின் ரிசர்வ் 8 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. வீட்டுக்கு வகுத்தால் 6,000 டாலருக்கும் கீழே.

சர்ஃப்சைடு இருக்கும் மயாமி-டேட் மாவட்டத்தில் அப்போது நாற்பது வயதான கட்டடம் மறுசான்று வாங்கியாக வேண்டியிருந்தது. 1974இல் மயாமியில் ஓர் அரசு அலுவலகக் கட்டடம் இடிந்து ஏழு பேர் இறந்த பிறகு வந்த விதி அது. அந்தக் கெடுவை எதிர்பார்த்துத்தான் சங்கம் 2018இல் ஒரு பொறியாளரை வரவழைத்தது. அவர் முக்கியமாகக் கைகாட்டியது நீச்சல்குளத்தைச் சுற்றியிருந்த தளத்தை. அதற்கு நேர் கீழே கார் நிறுத்துமிடம். தண்ணீர் வடிய வாட்டம் வைக்காமல் தளத்தை மட்டமாகப் போட்டிருந்தார்கள். தேங்கிய நீர் ஆவியாகிப் போனால்தான் உண்டு. அடியிலிருந்த வாட்டர்ப்ரூஃபிங் செத்துப்போய், கான்கிரீட்டுக்குப் பெருஞ்சேதம் ஆகியிருந்தது. இரும்பு துருவானால் பல மடங்கு ஊதும். அந்த ஊதல் உள்ளிருந்து நெம்ப, கான்கிரீட் பிளந்து சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. பிளவு வழியாக இன்னும் நீர் இறங்குகிறது, கடற்கரை என்பதால் உப்போடு. இன்றைக்குப் பூசி மறைக்கும் விரிசல் நாளைக்கு இரண்டாக வருவது இதனால்தான்.

செலவு 91 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். வாட்டர்ப்ரூஃபிங்கை மாற்ற வேண்டுமென்றால் மேலே பாவியிருப்பதை எல்லாம் பெயர்த்தெடுக்க வேண்டும். செலவும் கூடுதல், குடியிருப்போருக்குத் தொல்லையும் பெரிது என்று அறிக்கையே சொன்னது. உடனே விழுந்துவிடும் என்று மட்டும் அது எங்கும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அடுத்த மாதமே நடந்த கூட்டத்தில் நகர நிர்வாகத்தின் அலுவலர் ஒருவர் கட்டடம் மிக நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு யார்தான் காசோலைப் புத்தகத்தை எடுப்பார்கள்?

அப்படிப்பட்ட கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தால் மீதி புரியும். ஓய்வூதியத்தில் வாழும் எண்பது வயதுக்காரர், பனிக்காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர், வாடகைக்கு விட்டுவிட்டு வேறு நாட்டில் இருப்பவர், இரண்டு வருடத்தில் விற்றுவிட நினைப்பவர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் இந்த வருடம் தள்ளிப்போடுவதே லாபம். கட்டடத்துக்குத்தான் அது நஷ்டம். கட்டடத்துக்கு வாக்கு கிடையாது. பணத்தைக் கேட்டு வசூலிக்க வேண்டியவர்களோ சம்பளமில்லாத அண்டை வீட்டார். சாம்ப்ளெய்ன் டவர்ஸில் 2019இல் நிர்வாகக் குழுவின் ஏழு பேரில் ஐவர் விலகினார்கள். 2021இல் தலைவர் உரிமையாளர்களுக்கு எழுதிய கடிதம், சேதம் 2018ஐ விடக் கணிசமாக மோசமாகிவிட்டது என்றது. அதற்குள் வேலைப் பட்டியலும் நீண்டு, 91 லட்சம் 1.5 கோடி ஆகியிருந்தது.

சட்டமும் தள்ளிப்போடுகிறவர் பக்கமே நின்றது. ரிசர்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டாம் என்று உரிமையாளர்கள் பெரும்பான்மை வாக்கில் வருடா வருடம் முடிவெடுக்க ஃபுளோரிடா அனுமதித்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நிபுணரை வைத்துக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று 2008இல் வந்த சட்டத்தை, செலவு அதிகம் என்று 2010இல் நீக்கினார்கள்.

இந்த விபத்தை ஆராய்ந்த அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பான 'நிஸ்ட்' இடைக்கால முடிவுகளில் சொன்னது இன்னும் சங்கடமானது. நீச்சல்குளத் தளத்தின் வடிவமைப்பே அந்தக் காலத்து விதிகளின் பலத்துக்குக் குறைவாக இருந்திருக்கிறது. பின்னால் வைத்த செடித்தொட்டிகளும் சுமையைக் கூட்டின. ஆகவே 91 லட்சத்தை அன்றே எடுத்து வைத்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தளத்தைப் பெயர்த்துப் பார்க்கும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

2022 மே மாதம் ஃபுளோரிடா தலைகீழாகத் திரும்பியது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகள் முப்பதாவது வருடத்தில் பரிசோதனை செய்ய வேண்டும். கடலுக்கு அருகிலென்றால் உள்ளூர் நிர்வாகம் இருபத்தைந்திலேயே அதைக் கேட்கலாம் என்று பின்னர் ஆனது. கூரை, தாங்கு பாகங்கள், வாட்டர்ப்ரூஃபிங், குழாய், மின்சாரம் போன்றவற்றுக்குக் கணக்கிட்டு ரிசர்வ் வைத்தே ஆக வேண்டும்; 2024 முடிவோடு வாக்குப் போட்டு அதைத் தவிர்க்கும் வழி மூடப்பட்டது. அடமானச் சந்தையின் பெரிய நிறுவனமான ஃபேனி மே, மராமத்தைப் பெரிதாகத் தள்ளிப்போட்ட கட்டடங்களில் வங்கிகள் தந்த வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்க மறுத்தது. அப்படிப்பட்ட வீட்டை விற்க, முழுத் தொகையையும் ரொக்கமாகத் தரக்கூடியவரைத் தேட வேண்டும்.

நாற்பது வருடம் கட்டாததை மூன்று வருடத்தில் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? வருமானம் குறைந்த முதியவர்கள் அலறினார்கள். 2025இல் சட்டம் கொஞ்சம் இறங்கி வந்தது: ரிசர்வுக்குப் பதில் கடன் வாங்கிக்கொள்ளலாம், பரிசோதனை முடித்தவர்கள் மராமத்துக்குப் பணம் தேவைப்பட்டால் ரிசர்வ் கட்டுவதை இரண்டு வருடம் வரை நிறுத்தி வைக்கலாம்.

இன்னொரு வழி, மொத்தக் கட்டடத்தையும் பில்டருக்கு விற்றுவிடுவது. மயாமியின் 'பிஸ்கேன் 21' குடியிருப்பில் பில்டர் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் வாங்கிவிட்டார். சிலர் மட்டும் அசையவில்லை. மூலப் பத்திரப்படி அனைவரின் சம்மதமும் வேண்டும் என்று அவர்கள் வழக்குப் போட, 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

சர்ஃப்சைடில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீதிமன்ற மேற்பார்வையில் 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு முடிவானது; வீட்டை இழந்தவர்களுக்கு 9.6 கோடி. காலி மனையைத் துபாயின் டமாக் நிறுவனம் 12 கோடி டாலருக்கு வாங்கியது. 136 வீடுகள் இருந்த இடத்தில் இப்போது 37 சொகுசு வீடுகளுக்குத் திட்டம். ஒரு வீட்டின் தொடக்க விலையாக அறிவித்தது 1.5 கோடி டாலர்.