மார்க் யாருக்காக? மகளிர் குழுக்களும் சுயமதிப்பீடும்

'நிறுவன சுயமதிப்பீடு' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் பால்ட்ரிஜ் அளவுகோலும் ஐரோப்பாவின் இ.எஃப்.கியூ.எம். மாதிரியும்தான். முதலாவதற்குச் சட்டம் வந்தது 1987-ல். இரண்டாவதை நடத்தும் அமைப்பு 1988-ல் தொடங்கியது. அதற்கு அடுத்த வருஷம், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கிய இடம் தருமபுரி மாவட்டம். (இன்றைய கிருஷ்ணகிரியும் அப்போ அதற்குள்தான், 2004-ல்தான் பிரிந்தது.) நாம் இன்று 'குழு' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அரசுத் திட்டமாக அதன் ஆரம்பம் இங்கேதான்.

தன்னைத்தானே அளந்து பார்க்கும் பழக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த வெளிநாட்டு மாதிரிகளைவிட இந்தக் குழுக்கள்தான் அதிகம் உதவுகின்றன.

குழுவை அளக்க ஐந்து கேள்விகள். ஒழுங்காகக் கூட்டம் நடக்கிறதா? சேமிப்பு வருகிறதா? சேமித்த பணம் உள்கடனாகச் சுழல்கிறதா? கடன் தவணை திரும்புகிறதா? கணக்குப் புத்தகங்கள் அன்றன்றைக்கு எழுதப்படுகின்றனவா? 2011-ல் வந்த தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் இவற்றைப் 'பஞ்ச சூத்திரம்' என்று பெயர் வைத்துப் பிடித்துக்கொண்டது. புதிய குழு சில மாதங்களாவது இப்படி நடந்த பிறகுதான் தர மதிப்பீடு, சுழல் நிதி, வங்கிக் கடன் எல்லாம்.

சிக்கலும் அங்கேதான். மார்க் வந்தால் கடன் வரும் என்றதும், மதிப்பீடு ஒரு பரீட்சையாகிவிடுகிறது. வராதவருக்கும் வருகைப் பதிவில் கையெழுத்து விழும். மூன்று மாதத் தீர்மானங்களை ஒரே நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதி முடிப்பார்கள். ஐந்துக்கு ஐந்து வரும்; குழுவுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க. 15 பேர் உள்ள குழு. கடன் முழுசா திரும்பியிருக்கு, உள்கடனும் சுழலுது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல மார்க். ஆனால் கடன் பேரேட்டை ஆள்வாரியாகப் பிரித்தால், ஒரு வருஷத்தில் கடன் வாங்கியது நாலே பேர் என்று தெரிகிறது. மீதி 11 பேரின் சேமிப்பு அந்த நாலு பேருக்கு முதலீடு. ஏன் மற்றவர்கள் கேட்கவில்லை? தவணை மாதாமாதம் என்பதாலா, கேட்கவே தயக்கமா, இல்லை வெளியே வட்டிக்காரரிடம் கேட்பது சுலபமா? வங்கி மேலாளர் இதைக் கேட்கமாட்டார், அவருக்குத் தவணை வந்தால் போதும். குழுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருகையும் அப்படித்தான். மானாவாரி வேலை ஓய்ந்ததும் பெங்களூரு கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புவது இந்த மாவட்டத்தில் புதுசு இல்லை. அந்த மாதங்களில் வருகை 60 சதவீதம் ஆனால் அதை ஒழுங்கீனம் என்று எழுதி, அபராதம் போடலாம். அல்லது மாதவாரியாக எழுதிவைத்து, எந்த மாதம் குறைகிறது என்று பார்க்கலாம். பார்த்தால் திட்டம் தானாகவே மாறும்: ஊருக்குத் திரும்பும் நாட்களையொட்டிக் கூட்டம், கூலி கையில் இருக்கும் மாதத்தில் பெரிய தவணை, கிளம்புவதற்கு முன்னால் சின்ன கடன்.

அபராதம் போடும் குழுவிலும் மார்க் ஏறும் என்பது வேறு விஷயம். ஆள் குறைந்தால் சராசரி கூடும்தானே!

ஆகவே என் கருத்து, ஒரே தாளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. வங்கிக்குப் போகும் மதிப்பீடு தனி. குழு தனக்காக வருஷத்துக்கு ஒருமுறை போடுவது தனி. இரண்டாவதில் மார்க்கே வேண்டாம், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் 'எப்படித் தெரியும்?' என்று ஒரு பத்தி போதும். பேரேட்டில் எந்தப் பக்கம் என்று காட்ட முடியாத பதிலை அடித்துவிடலாம். மிஞ்சுவதிலிருந்து அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு மாற்றம். தவணை நாளை மாற்றுவது மாதிரி சின்னதாக இருந்தால் குழுவே செய்துகொள்ளும். ரோடு, தண்ணி மாதிரி தங்களால் ஆகாதது என்றால் அதை எழுதி, கூட்டமைப்பு வழியாகக் கிராம சபைக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது.