மலையேறும் மைனருக்கு ஒரு புகைக்குழாய்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டை அடைந்து, அங்கிருந்து பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பிரிந்து செல்லும் மலைப்பாதைகளில் பழைய மொரிஸ் மைனர் கார்களை இன்றும் இடையிடையே காணலாம். 1948இல் இலண்டனில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட இவ்வண்டி, 1960 டிசம்பரில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது. பாட்டனார் வாங்கிய மைனரைப் பேரன் ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதன் புகைக்குழாய் துருவேறி உதிரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அளவான குழாய் கடைகளில் கிடைப்பது அரிது. கராஜில் புதிதாகவே செய்விக்க வேண்டும். அவ்வேளையில் வீட்டிலுள்ள இளைஞன், "அப்பா, பெரிய குழாயாகப் போடுவோம்; சத்தமும் வரும், இழுவையும் கூடும்" என்பான். சத்தம் வரும் என்பதில் ஐயமில்லை. இழுவை கூடுமா என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஒஸ்டின் கம்பனியார் 1951இல் தம் சிறிய காருக்கென அறிமுகப்படுத்திய ஏ-வரிசை இயந்திரம், மறு ஆண்டில் மைனருக்கும் வந்து சேர்ந்தது. முதலில் 803 கன சென்ரிமீற்றர், 1956இல் 948, 1962இல் 1098. இதன் அமைப்பில் ஒரு புதுமை உண்டு. சிலிண்டர்கள் நான்கு, புகை வெளியேறும் வாயில்களோ மூன்றே. நடுவிலுள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பங்கிட்டுக் கொள்கின்றன. சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆயினும் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் எரிவதால், நடுவாயிலில் புகை சரியாக ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும். ஓரத்து வாயில்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்தால் அங்கும் அதே ஒழுங்கு அமையும். ஓரக்குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்து, நடுக்குழாயை நீளமாகத் தனியே கொண்டுசென்று பின்னர் அதனோடு கூட்டுவது இவ்வொழுங்கைப் பயன்படுத்தும் முறையாகும்.

புகைக்குழாயை அடுப்பங்கரைப் புகைபோக்கிபோல் எண்ணுதல் தவறு. வால்வு திறக்குந்தோறும் அழுத்த அலையொன்று குழாயினுள் பாய்கின்றது. குழாய் அகன்று திறக்கும் இடத்தை அடைந்ததும் அவ்வலை தாழ்ந்த அழுத்த அலையாக மாறித் திரும்புகின்றது. பரிவுக் குழாய்ச் சோதனை செய்த மாணவர்களுக்கு இது புதிதன்று. வால்வு மூடுமுன் அது வந்து சேருமாயின், எஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்துப் புதுக்கலவைக்கு இடந்தரும். சூடான புகையில் இவ்வலை வினாடிக்கு ஏறக்குறைய 500 மீற்றர் ஓடும். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் இயந்திரத்துக்கு ஒரு சுற்று என்பது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் அலை 10 மீற்றர் ஓடிவிடும். 6000 சுற்றாயின் ஐந்தே மீற்றர். எனவே பந்தயக்காருக்குக் குறுங்குழாய் ஏற்றது. இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் மைனருக்கு நெடுங்குழாயே ஏற்றது.

அகலத்துக்கும் இந்நியாயம் பொருந்தும். ஒன்றரை அங்குலக் குழாயை இரண்டு அங்குலமாக்கினால் குறுக்குப்பரப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். புகையின் வேகம் அந்த அளவுக்குத் தளரும். விரைந்து செல்லும் புகைதான் பின்வருவதையும் தன்னோடு இழுக்கும். மைனருக்கு ஒன்றரை அங்குலம் தாராளமானது என்பது நம் கருத்து. மேலும் ஹட்டன் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இங்குள்ள காற்று கொழும்புக் காற்றைவிடப் பத்திலொரு பங்குக்கு மேல் அடர்த்தி குறைந்தது. இயந்திரமும் அவ்வளவுக்கு வலுவிழக்கின்றது. எந்தக் குழாயாலும் அதனை மீட்க இயலாது. இருக்கும் இழுவையை அகலக் குழாய் போட்டு ஏன் இழக்க வேண்டும்?

கராஜ்காரர் மெனிபோல்ட் என்று சொல்லும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயை அகற்றிவிட்டு, மேற்கூறிய நீள நடுக்குழாயைப் பொருத்தலாமா? வேகம் நாடுவோர் பொருத்துகின்றனர். ஆனால் பழைய வார்ப்பு, புகையின் சூட்டைப் பெற்றோல் கலவை செல்லும் குழாய்க்கும் அளிக்கின்றது. அதனை நீக்கினால், மூடுபனி கவிந்த குளிர்காலையில் கலவை சரியாக ஆவியாகாது. காபரேட்டரின் உள்ளே பனிக்கட்டி படிதலும் உண்டு. ஆகவே நோர்வூட்டில் வாழ்பவர் வார்ப்பை வெடிப்பின்றிப் பேணி, அதற்குக் கீழுள்ள குழாயைச் செம்மையாக அமைப்பதே தக்கது.

கைத்திறனுக்குக் குறைவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் வண்டிகளைப் புதுப்பித்து வந்த நிலையமொன்று, 1990களில் அவற்றின் தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்வித்ததன்றோ! எனினும் வேலை செய்விப்பவர் கண்ணோட்டமாயிருத்தல் வேண்டும். வளைவுகள் நசுங்காமல் உருண்டையாக இருத்தல் அவசியம். இயந்திரம் றப்பர் மேல் அமர்ந்து ஆடுவதாதலால், குழாயையும் றப்பர்த் தாங்கிகளில் தொங்கவிடல் வேண்டும். இறுக்கிப் பூட்டினால் மெனிபோல்ட் வெடிக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகும் என்பதைப் பலர் அறியார். கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்நீர் ஆவியாய்ப் போகாது சைலன்சரில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் சிறு துளையொன்று இடுவித்தல் நன்று. சைலன்சரையே நீக்கிவிடுதல் கூடவே கூடாது. லயங்களில் விடியற்காலையில் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்பவர்கள் உறங்குகிறார்கள்.

யாவற்றினும் முக்கியமானது கசிவு. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலாகப் பற்றிக்கொள்வது. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குழந்தைகளைப் பின்னிருக்கையில் அமர்த்திச் செல்லும் மலைநாட்டில், தரைத்தகட்டில் ஓட்டை இருந்து குழாய் மூட்டிலும் கசிவிருந்தால் தலைவலியும் மயக்கமுமே முதல் அறிகுறிகள். ஆதலின் குழாயின் வாய் வண்டியின் பின்விளிம்பைக் கடந்து வெளியே நீண்டிருத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் கராஜை விட்டுப் புறப்படுமுன் ஒரு சோதனை செய்க. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, தடித்த கையுறை அணிந்து, மடித்த துணியால் குழாயின் வாயைச் சில வினாடிகள் அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மூட்டுகளில் எங்கேனும் 'உஸ்' என்று ஒலித்தால் அங்கே கசிவுண்டு. மீண்டும் வெல்டிங் செய்யட்டும். கசிவில்லையெனில் இயந்திரம் திணறி நின்றுவிட முயலும். பின்னர் மஸ்கெலியா வரை ஒருமுறை சென்று திரும்பி, சூடு ஆறியபின் மெனிபோல்ட் நட்டுகளை மறுபடி முடுக்குவித்துக் கொள்க.