மயில்கழுத்தை அழிக்கும் பட்டறை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். இன்றைக்கு நான் மசியவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குள் எட்டிப்பார்க்க அனுமதி கிடைத்துவிட்டதே!

படகுக்குப் போகும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடிக் குழாய்; ஆர்கான் வெல்டிங். வெளிச்சம் அணைந்ததும் முகமூடியைத் தூக்கினால், அடடா, மயில்கழுத்து! மூட்டை ஒட்டிக் கருநீலம், அப்புறம் ஊதா, பழுப்பு, பொன், ஓரத்தில் வைக்கோல் மஞ்சள். எதுவும் சாயமில்லை. சூட்டில் படர்ந்த ஆக்சைடு ஏடு! மழைநாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் மினுங்குமே, அதே ஒளி வித்தை. சுமார் 300 டிகிரி செல்சியஸ் கண்ட இடம் மஞ்சள். 600-ஐத் தொட்ட இடம் கருநீலம்.

“அண்ணே, இப்படியே விட்டுடலாமே!”

“உப்புக்காத்துல முதல் துருப்புள்ளி விழுறது இங்கதான் தம்பி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எஸ்எஸ்ஸின் காவலாளி குரோமியம், குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும். அது மேலே நெய்துகொள்ளும் படலம் சில நானோமீட்டர்தான், தலைமுடித் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு! வெல்டிங் சூட்டில் குரோமியம் மேலேறி அந்த வண்ண ஏட்டில் சேர்ந்துகொள்கிறது. அடியிலிருக்கும் உலோகம் ஏழையாகிறது. உப்பின் குளோரைடு அங்கேதான் குழி தோண்டும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 ரகமும் இதற்கு விலக்கில்லை.

வயர் பிரஷ் போட்டால் நிறம் போகும். ஏழை அடுக்கு அப்படியே நிற்கும். சாதா இரும்பு பிரஷ் என்றால் இரும்புத்துகள் ஒட்டி அதுவே துருப்பிடிக்கும். அதற்குத்தான் பிக்ளிங் பேஸ்ட்: நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் சேர்ந்தது. பின்னது தோலைத் தாண்டி எலும்புவரை போகும். அதனால் கையுறை, முகக்கவசம், ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் அண்ணன் தொட்டார். என்னை வாசலுக்குத் துரத்திவிட்டார்!

தடவினார், காத்திருந்தார், தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். மயில்கழுத்து போயே போச்சு! மங்கலான வெள்ளிக்கோடு மட்டும். இப்போது காற்று பட்டாலே போதும், புதுப்படலம் தானாகவே முளைத்துவிடும்.

குழாயின் உட்புறம்? அங்கே பேஸ்ட் தடவக் கை எட்டாது. வெல்டிங்குக்கு முன்பே உள்ளே ஆர்கானை நிரப்பிக் காற்றை விரட்டிவிடுகிறார். ஆக்சிஜன் இல்லையென்றால் நிறமும் இல்லை!

படகுத்துறைக்குத் திரும்பும்போது காயலைப் பார்க்கவே தோன்றவில்லை. கைப்பிடி மூட்டுகளைத் தடவிக்கொண்டே நடந்தேன். மங்கலாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு கைதட்டல்!