இருபது கிராம் எல்லை

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்குச் செல்லும் மடலுக்கும் கொல்கத்தாவுக்குச் செல்லும் மடலுக்கும் கட்டணம் ஒன்றே: 20 கிராம் வரை 5 ரூபாய். தொலைவு எங்கே மறைந்தது? 1837இல் இங்கிலாந்தின் ரோலண்டு ஹில் இதற்கு விடை கண்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு மடலைச் சுமக்கும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்கே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். பெருஞ்செலவு மடலை வாங்குவதிலும் பிரிப்பதிலும் வீட்டு வாசலில் சேர்ப்பதிலும் இருந்தது. அவ்வுண்மையை ஏற்று 1854இல் இந்தியாவும் தொலைவு பாராத அரையணாக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அன்றைய எல்லை கால் தோலா. இன்றைய அளவில் மூன்று கிராமுக்கும் குறைவு.

தொலைவு விலகிய இடத்தில் எடை அமர்ந்தது. அதுவும் சாய்தளம்போல் மெல்ல ஏறுவதில்லை, படிக்கட்டுபோல் ஏறுகிறது. 20 கிராமைச் சிறிதளவு தாண்டினாலும் கட்டணம் 10 ரூபாய். நாலாயிரம் மடல்களை ஒருங்கே அனுப்பும் நிறுவனத்துக்கு அந்தச் சிறிதளவின் விலை 20,000 ரூபாய்.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் வணிகத்தில் வண்ணத்தையும் வழவழப்பையும் சொற்களால் உணர்த்த இயலாது. மாதிரித் துண்டு போயாக வேண்டும். ஐந்து செண்டிமீட்டர்ச் சதுரமாக வெட்டிய, ஒரு மில்லிமீட்டர்த் தடிமனுள்ள தோல் ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம் வகைத் தாளில் ஏ4 அளவு ஒன்று ஏறத்தாழ 5 கிராம், ஏனெனில் அதன் பரப்பு சதுர மீட்டரில் 16இல் ஒரு பங்கு. நீள உறைக்கு இன்னொரு 5 கிராம். ஆக, இரு தாளும் மூன்று மாதிரிகளும் சேர்ந்தால் 21 கிராம். பலரும் இங்கே ஒரு மாதிரியை எடுத்துவிடுவார்கள். நான் அதைச் செய்யமாட்டேன். வாங்குபவர் பார்க்க விரும்புவது தோலைத்தான். சதுரத்தின் பக்கத்தை நான்கு செண்டிமீட்டராக்கினால் பரப்பும் எடையும் நூற்றுக்கு 36 பங்கு குறைகின்றன. 70 கிராம் வகைத் தாளுக்கும் மாறினால் மொத்தம் 18 கிராமுக்குள் அடங்கும்.

இரண்டு கிராம் இடைவெளி வீண் அன்று. தாளின் செல்லுலோசும் தோலின் கொலாசனும் காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை. சித்திரையில் 19.8 கிராம் காட்டிய மடல், ஐப்பசி மழையில் சவ்வாது மலையடிவாரத்துச் சேமிப்பறையில் சில நாள் கிடந்தால் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே எடை பார்ப்பதை மழைக்காலத்தில் செய்வதே நேர்மையான சோதனை.

தாளை மெலிதாக்கவும் வரம்பு உண்டு. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது: தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகும். அத்தகைய தாள் பிரிப்போர் கையில் துவளும், பொறியில் சிக்கும். மூன்றாக மடித்த தாளின் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் விறைப்பு மும்மடங்கே; முழுதும் ஒட்டினால் 27 மடங்கு. விளிம்பை மட்டும் ஒட்டும் உள்நாட்டு அஞ்சல்தாள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தானே உறையாகும் அத்தாள் எத்துணை அழகிய வடிவமைப்பு! ஆயினும் அதனுள் எதையும் வைக்கக் கூடாது என்பதால் தோல் மாதிரிக்கு உதவாது. மடிப்பை நார் ஓடும் திசையிலேயே இடவேண்டும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து விளிம்பு பிளக்கும்.

முகவரியில்தான் ஹில் கண்ட பெருஞ்செலவு இன்றும் ஒளிந்திருக்கிறது. 1972 முதல் வழங்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் மடலைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று அதைச் சேர்க்கும் நிலையத்தையும் குறிக்கும். ஆலங்காயத்தின் 635701, காவலூர் வானாய்வகத்தின் முகவரியிலும் உண்டு. ஆம்பூர் 635802, வேலூரோ 632இல் தொடங்குகிறது. திருப்பத்தூர் மாவட்டம் 2019இல் பிரிந்த பின்னும் பழைய பட்டியல்களில் "வேலூர் மாவட்டம்" என்றே நிற்கும் ஆம்பூர் முகவரிகளுக்கு அந்த எண்ணே வழிகாட்டி.

தில்லி, கொல்கத்தா தானியங்கி மையங்களில் எழுத்தை ஒளியால் படிக்கும் பொறிகளுக்கு வெளிர்நிறப் பின்னணியில் கருமையான அச்சு வேண்டும். முகவரியின் பின்னே வண்ணப்படம் பரப்புவதைத் தவிர்க்கலாம். சாளர உறையாயின் உள்தாள் நழுவி எண்ணை மறைக்கக்கூடும். அச்சிடுமுன் மாதிரி ஒன்றை நான்கு பக்கமும் தட்டி, ஆறு இலக்கங்களும் சாளரத்துள் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.